தேறாத பக்கம்

"அடிபட்டுக் கிடந்தவனுக்குக் கட்டுப் போட்டது யாரு?" தேர்வாளர் கேட்டார்.

"சமாரியன்." சலவைக்கார அக்கா முந்தானையை முறுக்கினாள்.

"அதுல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லையே! சமாரியன்னா டாக்டருதானே? அவர் வேலையை அவர் பார்த்தார்."

அறை மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் தேர்வாளர். " தேறலைன்னா மூணு வருஷ உழைப்பு வீண். அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?"

"எத்தனை தடவை வாசிச்சாலும் டாக்டருதான் சார்."

தேர்வாளர் 'தேறவில்லை' என்று எழுதி, தாளை மூலையில் இருந்தவரிடம் நீட்டினார்.

"உங்க மொழிபெயர்ப்பு தேறலை சார். இவங்களை மாதிரி சாதாரண ஜனங்களுக்குப் புரியாம வேதாகமம் அச்சுக்குப் போகாது."

மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, சமாரியன்னா அடிபட்டவனோட ஜனங்களுக்குப் பரம்பரைப் பகையாளி."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "பகையாளியா கட்டுப் போட்டான்? அட, இதை முதல்லயே எழுதக் கூடாதா தம்பி!"