நாலு லட்சம் விட்டவர்

“சிங்காரவேல், பெட்டிச் சாவியைக் குடுத்துடுங்க.”

பொங்கல் விழாக் கமிட்டித் தலைவர் கோபாலகிருஷ்ணன் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். சுரங்க டவுன்ஷிப்பின் அந்த பிளாக்கே பார்க்கில் கூடியிருந்தது. பல வருஷமாகப் பொருளாளராக இருப்பவரை ஒரே நாளில் இறக்குகிறார்கள் என்றால், டிவி சீரியலையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

“எதுக்குக் குடுக்கணும்? கணக்குல ஒரு ரூபா குறையுதா?” சிங்காரவேல் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

“குறையல. ஆனா, ஷேர்ல நாலு லட்சம் விட்டுட்டேன்னு ஷிஃப்ட் பஸ்ல நீங்களே சத்தம் போட்டுச் சொன்னீங்களாமே?”

“ஆமா, சொன்னேன்.”

“ரிட்டயர் ஆகப்போற வயசு. ரெண்டு ரூபா ஷேரைப் போய் யாராவது வாங்குவாங்களா?”

“நாப்பது ரூபாய்க்குப் போவும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, வாங்குனேன். இப்ப நாப்பது பைசா. விக்கலாம்னா வாங்க ஆளில்ல. போதுமா?”

கூட்டம் சிரித்தது. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார்.

“கொஞ்சமாவது கூச்சம் இருக்கா பாருங்க,” என்றாள் எதிர் குவார்ட்டர்ஸ் சாஹிரா. “எங்க வூட்டுக்காரரா இருந்தா வெளியில தலைகாட்ட மாட்டாரு.”

“ஏம்மா தலைகாட்டக் கூடாது? திருடுனேனா? எவன் வூட்லயாவது பூட்டை ஒடைச்சேனா? என் காசு, நான் வுட்டேன். நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போவேன். மைன்ஸ்ல வேலை இருக்கு, எனக்குக் கை இருக்கு. நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன். வேற என்னா வேணும் ஒங்களுக்கு?”

“அந்தத் திமிர்தான் வேணாங்கறோம்,” என்றார் கோபாலகிருஷ்ணன். “சாவி அவர்கிட்ட இருக்கக் கூடாதுங்கறவங்க கை தூக்குங்க.”

கைகள் தூக்கப்பட்டன. இவரிடம் ஒரு உதவியாவது வாங்காத கை அதில் ஒன்றுகூட இருந்திருக்காது. அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

கடைசி வரிசையில் கலைச்செல்வன் மட்டும் கை தூக்கவில்லை. கான்ட்ராக்ட்டில் இருந்து சமீபத்தில்தான் பெர்மனெண்ட் ஆன பையன். எழுந்து நின்று, “ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்...” என்று இழுத்தான்.

“உக்காருடா!” சிங்காரவேல் போட்ட அதட்டலில் பார்க்கே திடுக்கிட்டது. “நேத்து வேலைக்கு வந்தவன் எனக்கு வக்காலத்தா? வாயை மூடிகினு உக்காரு.”

பையன் உட்கார்ந்துவிட்டான். சிங்காரவேல் சாவியை எடுத்து மேஜையில் வீசினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“ஆதரவாப் பேச வந்தவனைக்கூடக் கடிக்கிறாரே! இவருக்கெல்லாம் இது பத்தாது,” என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தெருமுனை திரும்பும்போது கலைச்செல்வன் மூச்சிரைக்க ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“நான் சொல்ல வந்தப்பவாவது வுட்டிருக்கலாம்லண்ணே. அத்தனை பேர் முன்னாடி எதுக்கு இந்த அவமானம்?”

“எனக்கு ஷேருன்னா சிவப்பா கருப்பான்னுகூடத் தெரியாது. நீ அழுதுகினே சொன்னதைத்தான் அப்படியே ஒப்பிச்சேன்,” என்றார் சிங்காரவேல். “நாலு லட்சம் வுட்டவன் எந்த மூஞ்சிய வச்சிகினு வெளியில வர்றதுன்னு வூட்டைப் பூட்டிகினு கெடந்தியே? நல்லாப் பாத்துக்க, இவங்களால அதிகபட்சம் இவ்ளோதான் பண்ண முடியும். நாளைக்கு டூட்டிக்கு வா.”