மிச்சமிருந்த கையெழுத்து

அடையாறு தத்தெடுப்பு அலுவலகத்தில் சுரேஷ்குமாருக்கு வியர்த்தது. கனடாவிலிருந்து இரண்டு வருடமாக அனுப்பிய காகிதங்கள் எல்லாமே சரியாக இருந்தன. இந்தக் கேள்விகள்தான் பாக்கி.

"ரெண்டு பேருக்கும் சண்டை வருமா?"

"வரும். இவர்தான் முதல்ல இறங்கி வருவார்" என்றாள் மனைவி அனுப்ரியா.

"அங்க வேலை போயிட்டா?"

"வேற தேடிப்பேன்" என்றான் சுரேஷ்குமார்.

"புள்ள சொன்ன பேச்சு கேக்கலேன்னா, திருப்பிக் கொண்டாந்து விட்டுடுவீங்களா?"

"மாட்டோம்!" என்றார்கள் இருவரும்.

"போன தடவை என்னைக் கூட்டிக்கினு போனவங்களும் இதையேதான் சொன்னாங்க."

சுரேஷ்குமார் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ இன்னிக்குக் கையெழுத்து வேணாம்மா. நாளைக்கும் வர்றோம், இன்னும் கேளு" என்றாள் அனுப்ரியா.

பத்து வயது ரோஷினி அவளையே பார்த்தாள். பிறகு தன் சம்மதப் படிவத்தை இழுத்துக் கையெழுத்திட்டாள்.

"ஃப்ளைட்ல ஜன்னல் சீட் எனக்குத்தான்."