ஒரே ஒரு பேட்டரி

"பெருசெல்லாம் வேணாம். அந்தச் சின்னதையே குடுங்க தம்பி" என்றாள் பானுமதி, புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நஞ்சப்பன் கையில் மரம் அறுக்கும் பேட்டரி மிஷின் ஒன்று இருந்தது. பெரிய ரகம். நீளமான பிளேடு, கூடவே இரண்டு பேட்டரி. கீழே வைக்க மனசில்லாமல் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இல்ல புள்ள, மாந்தோப்புல கெளை கழிக்கறதுக்கு இதுதான் தோதுப்படும். ஒண்ணு தீந்தா இன்னொண்ணு மாத்திக்கலாம் பாரு. பொழுதுக்கும் ஓட்டலாம்."

"ஒண்ணும் வேணாம். வெச்சிடுங்க."

பாப்பாரப்பட்டியில் விவசாயக் கருவிகள் விற்கும் மாதவராஜுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறுபதை நெருங்குகிற மனுஷன், திருவிழாவில் பொம்மை கேட்ட பிள்ளை மாதிரி முழிக்கிறார்.

வியாபாரமும் பெரிசாகட்டுமே என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான்.

"அக்கா, சின்னது ஒத்தக் கையில புடிக்கிற மிஷினு. மணிக்கட்டு கனத்துக்கு இருக்கற கெளையத்தான் அறுக்கும். அரை மணி நேரம் ஓடுனா அதிகம். திரும்ப சார்ஜ் ஏற ரெண்டு மணி நேரம் ஆவும். அண்ணன் சொல்றதும் நியாயந்தானுங்க."

"அவ்ளோ ஓடுனாப் போதும். பெரிய கெளைக்கு ஆளு வெச்சிக்கறோம்."

"சரிக்கா, சின்னதுக்கே இன்னொரு பேட்டரி தர்றேன். இந்த மாசம் அது ஃப்ரீதான். எடுத்துட்டுப் போங்க."

"ஃப்ரீயா குடுத்தாலும் வேணாம்."

பைப்பு வாங்க வந்து நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

மாதவராஜுக்குச் சுருக்கென்றது. காசுக்குப் பார்க்கிறாள் என்றால் சிக்கனம் என்று விட்டுவிடலாம். சும்மா கொடுப்பதையும் வேண்டாம் என்றால் அது வீம்பு. நாலு பேர் நிற்கிற இடத்தில் கட்டின புருஷனை இப்படியா மட்டம் தட்டுவாள் ஒருத்தி?

நஞ்சப்பனும் விடுவதாக இல்லை. "தம்பியே சும்மா தர்றாரு. வாங்கிக்கலாமே புள்ள..."

"நீங்க போயி வண்டியத் திருப்பி நிறுத்துங்க."

அவ்வளவுதான். மிஷினை மேஜைமேல் வைத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் வெளியே போனார்.

பைப்புக்காரர்களை அனுப்பிவிட்டு பில் போட உட்கார்ந்த மாதவராஜுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அண்ணன் ஆசைப்பட்டுக் கேக்கறாரு. அவரு பேச்சுக்கும் ஒரு மரியாத வேணுமில்லீங்களா?"

பானுமதி வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். அதுவரை அதட்டலாக வந்த குரல் இறங்கிப்போயிற்று.

"தை மாசத்துல அவருக்கு நெஞ்சுல அடைப்பு வந்துடுச்சி தம்பி. பொழச்சி வந்ததே பெரிய காரியம். கொஞ்ச நேரம் வேலை செஞ்சா, செத்த நேரம் ஒக்காரணும்னு டாக்டர் சொல்லி அனுப்பினாரு. நான் ஒக்காருங்கன்னு சொன்னா, 'என்னைய நோயாளியாவே ஆக்கிட்டியா'ன்னு எகிறுவாரு. மிஷினே நின்னு போச்சின்னா என்ன பண்ணுவாரு? சார்ஜ் ஏறுற வரைக்கும் ஒக்காந்துதானே ஆவணும்?"

மாதவராஜின் பேனா நின்றுவிட்டது. இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. வெவரங்கெட்டவன்னு என்னைத் திட்டினாலும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, தக்காளி வாங்க எதிரே சந்தைக்குள் போனாள்.

மாதவராஜ் தானே சின்ன மிஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியின் பின்னால் வைத்துக் கட்டினான். உள்ளதைச் சொல்லவும் முடியாது, அந்த மனுஷனை வாடிய முகத்தோடு அனுப்பவும் மனசில்லை.

"மனசுல வெச்சிக்காதீங்கண்ணா. அடுத்த வருசம் வாங்க, அந்தப் பெரிசையே எடுத்துக்கலாம். அக்காகிட்ட நான் பேசறேன்."

நஞ்சப்பன் சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவள் தலை தெரியவில்லை. மெல்லச் சிரித்தார்.

"பெரிசு எனக்கு எதுக்கு தம்பி? அதத் தூக்கிப் புடிக்கவே கையில தெம்பில்ல. பத்து கெளை வெட்டுனா ஒடம்பு ஓஞ்சி போவுது. மெள்ளத்தான் தேறும்னு டாக்டரு எங்கிட்ட தனியா சொல்லியிருக்காரு. அந்தச் சின்னதுதான் எனக்கும் தோது."

"அப்புறம் எதுக்குண்ணா உள்ள அவ்ளோ மல்லுக்கு நின்னீங்க?"

"நானே சின்னது போதும்னு சொல்லியிருந்தா, எனக்கு இன்னும் முடியலன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே தம்பி. அப்புறம் பழையபடி ராத்திரியெல்லாம் தூங்காம, என் மூச்சையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பா."