நீல வண்டி வேணாம் சார்

“நீல வண்டி வேணாம் சார். வெள்ளத்துல முங்கி எழுந்த வண்டி இது” என்றான் மெக்கானிக். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெயின்ட் வாடைக்காக மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டியிருந்ததால் தப்பித்தான்.

பட்டறை வாசலில் இரண்டு பழைய ஸ்டேஷன் வேகன்கள் நின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. நீல வண்டி புது சீட் கவரும் சென்ட் வாசனையுமாக மினுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வண்டிக்குக் கதவெல்லாம் கீறல், முன் பம்பரில் ஒரு சொட்டை.

புரோக்கரோடு வந்திருந்தவர் ரிட்டயர் ஆன மனுஷர். கையில் இருப்பது ஒரே ஒரு வண்டிக்கான பணம். இதில் ஏமாந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. “மூணு பேரப்பசங்க, அவங்க சைக்கிள், பெட்டி படுக்கை எல்லாம் பின்னாடி ஏறணும் தம்பி. நடுரோட்டுல நின்னு மானத்தை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். எதை எடுக்கலாம்னு நீயே பார்த்துச் சொல்லு” என்று வந்ததுமே சொல்லியிருந்தார்.

அந்தக் குரலைக் கேட்டதுமே மெக்கானிக்குக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பதினோரு வருஷம் ஆனால் என்ன, மறக்கிற குரலா அது?

அவன் முன்பு வேலை பார்த்த லாரி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மகராசன் இவர்தான். இரண்டு புது பேட்டரி காணாமல் போனதற்காக இவனைக் கம்பெனி கேட்டில் நிற்கவைத்து, முப்பது பேர் முன்னால் “உன் வாயில என்னிக்காவது உண்மை வந்திருக்காடா?” என்று கேட்டுத் துரத்தியவர். எடுத்தது அவருடைய மச்சினன் என்று கம்பெனிக்கே தெரியும். யார் வாய் திறந்தார்கள்? அப்புறம் இரண்டு வருஷம் ‘பேட்டரித் திருடன்’ என்று எவனும் இவனுக்கு வேலை கொடுக்கவில்லை.

இன்றைக்கு ஆள் தானாக வந்து மாட்டியிருக்கிறார். விடுவானா?

ஒரு மணி நேரம் இரண்டு வண்டியையும் புரட்டி எடுத்தான். வெள்ளையை ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடுத்துக் கேட்டான். நீலத்தில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கையை விட்டுத் துழாவினான். நகக்கண்ணில் ஏறிய மண்ணை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான்.

“வெள்ளையை எடுங்க சார். பார்க்கத்தான் பரதேசி, எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. நீலம் அடுத்த மழைக்குள்ள படுத்துடும். ஒயரிங், கியர்பாக்ஸ்னு ஒவ்வொண்ணா கழண்டுக்கும்.”

“நல்லவேளை சொன்னே தம்பி! என் கண்ணு நீலத்து மேலதான் இருந்துச்சு” என்றார் பெரியவர். “வெள்ளையே இருக்கட்டும்.” புரோக்கரின் முகம் தொங்கிப் போனது.

அத்தோடு விட்டிருக்கலாம். மெக்கானிக் நிதானமாக முகத்துத் துணியை அவிழ்த்தான்.

“என்னைத் தெரியுதா சார்?”

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அட, நீ... அந்த பேட்டரிப் பயதானே!”

“நான் எடுக்கலைன்னு அன்னிக்கே சொன்னேன் சார். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன்.” ‘தப்புதான்’ என்று ஒரே ஒரு வார்த்தை வராதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இன்னும் அதே பொய்யா? நீ திருந்தவே மாட்டியா?” என்று சீறினார் அவர்.

மெக்கானிக் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். புரோக்கருக்கு உயிர் வந்துவிட்டது. “பார்த்தீங்களா சார்! பழைய பகையை வச்சுக்கிட்டு நல்ல வண்டியைக் கழிச்சுக் கட்டிட்டு, ஓட்டை வண்டியை உங்க தலையில கட்டப் பார்க்கறான்!”

“எனக்கா தெரியாது? இவன் வேணாம்னு சொன்னா அதுதான்யா நல்ல வண்டி. நீலத்தையே முடி!”

“சத்தியமா சொல்றேன், வேணாம் சார். அப்புறம் வருத்தப்படுவீங்க” என்று மெக்கானிக் கெஞ்சினான். கெஞ்சக் கெஞ்ச அவருக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. அங்கேயே கையெழுத்தைப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் இவனைப் பார்த்து இரண்டு தரம் ஹாரன் வேறு அடித்தார்.

உதிரிபாக கவுன்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தை அவளும் சேர்ந்துதானே அனுபவித்தாள்?

“உங்களுக்குப் பழி வாங்கக்கூடத் துப்பில்லைங்க! பளபளன்னு நல்ல வண்டியை ஓட்டிக்கிட்டுப் போறாரு பாருங்க. அன்னிக்கும் அவர்தான் ஜெயிச்சாரு, இன்னிக்கும் அவர்தான். நீங்க சொன்ன பொய்யை அந்த மனுஷன் அப்படியே நம்பிட்டாரில்ல? வாயை மூடிக்கிட்டு வெள்ளையைத் தள்ளிவிடாம, எதுக்கு மூஞ்சியைக் காட்டிக் காரியத்தைக் கெடுத்தீங்க?”

மெக்கானிக் குழாயடியில் குந்தி, சோப்புப் போட்டு நகக்கண்ணைத் தேய்த்தான். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. இந்த முறை சிரிப்பை அவன் அடக்கவில்லை.

“காட்டலைன்னா, நான் சொன்ன உண்மையை நம்பித் தொலைச்சிருப்பாரே!”