எட்டு மணி நேரத் தூக்கம்

மேக்கப் போடுகிற பெண் அவள் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தினாள். விளக்கைத் திருப்பிவிட்டுப் பார்த்தாள். பிறகு போட்டோகிராபரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். "என்ன சிஸ்டர், இவ்வளவு பளிச்சுனு வந்திருக்கீங்க?" என்றார், ஏதோ குற்றத்தைக் கண்டுபிடித்தவர் போல.

பளிச்சென்று இல்லாமல் எப்படி இருப்பாள்? ஆஸ்பத்திரியில் அவளைப் படமெடுக்கப் போகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்ததால், ஒரு வாரமாக இரவு டியூட்டியைத் தோழிகளிடம் மாற்றிக்கொண்டிருந்தாள். மேக்கப் பெண் முன்கூட்டியே அனுப்பிய பட்டியலைக் கணவர் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். எட்டு மணி நேரத் தூக்கம். மூன்று லிட்டர் தண்ணீர். உப்பைக் குறைக்க வேண்டும். புது க்ரீம் எதையும் தொடக்கூடாது. புருவம் திருத்துவதை இரண்டு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அன்றைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைதான், தலை வழியாகக் கழற்றுவது கூடவே கூடாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பட்டியல் என்றால் அவருக்கு வேதவாக்கு. அலாரம் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். வீடே ஒரு வாரம் உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்டது. பிள்ளைகள் வாயைத் திறந்தால் அம்மா தூங்குகிறாள் என்று அடக்கினார். புருவம் திருத்துகிற கடை வாசலில் ஒரு மணி நேரம் காத்து நின்றவர், அவள் வெளியே வந்ததும் முடிந்ததா என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து டிக் போட்டார்.

அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். இடுப்பு வரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, சாவி எங்கே என்று கேட்ட மனுஷர். தங்கமானவர்தான், ஆனால் முகம் பார்க்கத் தெரியாதவர் என்று அவள் தீர்ப்பெழுதி ரொம்ப நாளாகிவிட்டது.

ஆனாலும் ஆசை விடுமா? தொழில் தெரிந்தவள் கையால் அலங்காரம் முடிந்து திரும்பும்போது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும். பரவாயில்லை என்றால்கூடப் போதும். அதற்காகத்தான் அந்த மூன்று லிட்டரையும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

வந்த இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. இது ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டப்போகிற படம். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வெளியே வருகிற நர்ஸின் முகம் வேண்டுமாம். அந்தப் பட்டியல் மணப்பெண்களுக்கு அனுப்புவது. பழக்க தோஷத்தில் இவளுக்கும் அனுப்பிவிட்டதாக மேக்கப் பெண் அசடு வழிந்தாள்.

ஆக, பளபளப்பை மறைத்துவிட்டுக் களைப்பைப் பூச வேண்டும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அதிலும் மண் விழுந்தது.

கண்ணுக்குக் கீழே கறுப்பு தீட்டியதில் யாரிடமோ அடி வாங்கியவள் மாதிரி ஆனாள். துடைத்துவிட்டு மறுபடி போட்டதில் பத்து நாள் காய்ச்சல்காரி. போட்டோகிராபர் உதட்டைப் பிதுக்கினார்.

மூலையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து வந்தார்.

"கறுப்பு இல்லைங்க, லேசா ஊதா. மூக்கு ஓரத்துல ஆரம்பிச்சுப் பாதிக் கண்ணோட நின்னுடும். இடது பக்கம் கொஞ்சம் கூட இருக்கும்."

மேக்கப் பெண்ணின் பிரஷ் அப்படியே நின்றது. லிஃப்டில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர் போல அவர் சொல்லிக்கொண்டே போனார். மாஸ்க் அழுத்திய கோடு கன்னத்தில் நேராக இராது, காதுப் பக்கம் ஏறும். கீழுதட்டில் நடுவில் மட்டும் காய்ந்திருக்கும், அங்கேதான் கடிப்பாள். வலது புருவத்தின் நுனி ஒரு நூலளவு இறங்கும். வார்டில் யாராவது இறந்துபோன நாளாக இருந்தால் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு கோடு விழும், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அந்தக் கோடு வேண்டாம், மற்ற நாள் முகமே போடுங்கள் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, தினமும் காலையில் வீடு திரும்புகிறவள் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தாள். அவளே சரியாகப் பார்த்திராத முகம் அது.

இந்த மனுஷர் இதையெல்லாம் எப்போது பார்த்தார்? அவள் உள்ளே நுழையும்போது பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டு முதுகைத்தான் காட்டுவார். அவளும் வந்த வேகத்தில் கூடத்து நாற்காலியில் சாய்ந்தால், அடுத்த நொடி உலகம் தெரியாது.

கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்; சிரிப்பு தானாக வந்தது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

படமெடுக்க ஆரம்பித்தபோது அதுவே வினையாகிவிட்டது. முகமெல்லாம் களைப்பு, கண் இரண்டும் சிரிப்பு. சோர்வாகப் பாருங்கள் என்று போட்டோகிராபர் அரை மணி நேரம் கெஞ்சினார். கடைசியில் தோற்றுப்போய், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அது போதும் என்றார்.

மூடிக்கொண்டாள். கேமரா இரண்டு முறை சத்தம் போட்டது.

காலில் ஏதோ பட்டது. யாரோ ஷூ நாடாவை அவிழ்க்கிறார்கள். குதிகாலைத் தாங்கிப் பிடித்து, தூங்குகிறவள் எழுந்துவிடாதபடி மெதுவாக உருவுகிற கை. செய்து செய்து பழகிய கை.

காலையில் வந்து சாய்ந்தவள் மத்தியானம் எழும்போதெல்லாம் ஷூ இரண்டும் கதவோரம் ஜோடியாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் தானே கழற்றி வைப்பதாக இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"சார், நீங்க ஃப்ரேமுக்குள்ள வந்துட்டீங்க!" என்று போட்டோகிராபர் கத்தினார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு காலையும் நீட்டினாள்.