முன் சக்கரத்துக்கு மட்டும் பூட்டு

ராஜா ராணி கதை இல்லை இது. ஆனாலும் ஆரம்பம் அப்படித்தான்: ஒரே ஒரு ஊரிலே, அதாவது நம்ம மலேசியக் கிள்ளானிலே, பெர்னிஸ் என்று ஒருத்தி இருந்தாள். டயர் கடையில் வேலை. சொந்தமாக ஒரு பழைய கார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதை ஓட்டிக்கொண்டு டிராக் ரேஸுக்குப் போய்விடுவாள். நானூறு மீட்டர் நேர்ப்பாதை, ரெண்டே கார், யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் போட்டி.

மூன்று வருஷமாக இறுதிச் சுற்று வரை வந்தாள். மூன்று வருஷமும் ஒரே ஆளிடம் தோற்றாள். சாலாக் செலாத்தான் ஊர்க்காரர் ஜெயராஜ். அவருடையதும் அதே மாடல் கார்தான்.

இந்தத் தடவை அம்மா சாந்தமேரி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "இதுதான் கடைசி. ஜெயிச்சா ஓட்டிக்கோ. தோத்தா காரை வித்துட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கா கோயிலுக்கு வா."

பெர்னிஸும் வாக்குக் கொடுத்திருந்தாள். தோற்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

இறுதிச் சுற்றில் அதே ஜெயராஜ். அவள் கூடாரத்தைத் தாண்டிப் போனவர் நின்றார். பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சாத்தே இறைச்சி சுடுறியா? கருகுற வாடை வருது."

அவள் பதில் சொல்வதற்குள், நேராகப் போய்ப் பரிசோதகர் விஜயனிடம் ஏதோ சொன்னார்.

விஷயம் இதுதான். ஓடுவதற்கு முன்னால் பின் டயரை நின்ற இடத்திலேயே சுழலவிட்டுச் சூடாக்க வேண்டும். சூடான ரப்பர்தான் ரோட்டைப் பிடிக்கும். பெர்னிஸ் ஒரு காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, இன்னொரு காலால் எண்ணெய்ப் பெடலை மிதிப்பாள். பிரேக் நாலு சக்கரத்தையும் பிடிக்கும். எஞ்சின் அதை மீறிப் பின் சக்கரத்தைச் சுழற்றும். ஒவ்வொரு தடவையும் பின் பிரேக் தேயும்.

ஜெயராஜ் காரில் அந்தத் தொல்லை இல்லை. கியர் கம்பியில் ஒரு பட்டன். அமுக்கினால் ஒரு வால்வு முன் பிரேக்கை மட்டும் பூட்டி வைக்கும். பின் சக்கரம் தடையில்லாமல் சுழலும். அந்த வால்வுக்குப் பெர்னிஸ் ஆர்டர் போட்டு நாலு மாதம் ஆகிறது. இன்னும் வரவில்லை.

விஜயன் வந்து பின் பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"போன வாரம்தான் மாத்தினேன் அண்ணே," என்றாள், கண்ணைச் சிமிட்டாமல்.

சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். உள்ளே பிரேக் ஷூ தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது. காலையிலிருந்தே பிரேக் மிதி ஆழமாகப் போனது அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தானே என்று இருந்துவிட்டாள்.

"இதை வச்சுக்கிட்டு அந்தக் கடைசியில எப்படிம்மா நிறுத்துவே?"

"முன் பிரேக் இருக்குலா அண்ணே."

விஜயன் மசியவில்லை. மாற்றினால் ஓடலாம், இல்லையென்றால் ஜெயராஜ் தனியாக ஓடிக் கோப்பையை வாங்கிக்கொள்வார் என்றார்.

நல்லவேளையாக மழை பிடித்துக்கொண்டது. இறுதிச் சுற்றை ஐந்தரைக்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டு மணி நேரம் கையில்.

போட்டுக்கொடுத்துவிட்டான், பயந்துபோய்விட்டான் என்று ஆளுக்கு ஆள் ஜெயராஜைப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவரிடமும் பிரேக் ஷூ இல்லை. பெர்னிஸ் மழையில் நனைந்துகொண்டு கூடாரம் கூடாரமாகக் கேட்டாள். ஒன்று கிடைத்தது, அளவு சேரவில்லை. விடாமல் கடைசிக் கூடாரம் வரை போய்விட்டுத்தான் திரும்பினாள்.

அவள் கார் பக்கத்தில் தண்ணீர்க்கடை தனலெட்சுமி அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றாள். உள்ளே ரெண்டு பின் சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ. கூடவே வயர், பட்டன், அந்த வால்வு.

யார் கொடுத்தது என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள் என்றாள் அக்கா. விஜயன் அண்ணன்தான் மனசு கேட்காமல் அனுப்பியிருப்பார் என்று பெர்னிஸ் நினைத்துக்கொண்டாள்.

யோசிக்க நேரமில்லை. ஷூவை மாற்றினாள். வால்வை முன் பிரேக் குழாயில் கோர்த்தாள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, பிரேக்கை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும். தனலெட்சுமி அக்காவையே சேலையோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள்.

"மிதிங்க அக்கா. பிடிங்க. விடுங்க."

"பாண்டுங் சர்பத் கலக்குறவளை என்னென்ன வேலை வாங்குறே நீ," என்று முனகிக்கொண்டே அக்கா நாற்பது தடவை மிதித்தாள்.

விஜயன் வந்து பார்த்துத் தலையாட்டினார்.

மழை விட்டுப் பாதை காய்ந்திருந்தது. ஐந்தரைக்குப் பெர்னிஸ் பட்டனை அமுக்கினாள். முன் சக்கரம் நட்டு வைத்தது போல் நின்றது. பின் டயர் வெள்ளை வெளேரென்று புகைந்தது. பக்கத்துத் தடத்தில் ஜெயராஜின் டயரில் புகை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. டயரைச் சூடாக்கக்கூட மெனக்கெடவில்லை, அவ்வளவு திமிர் என்று பல்லைக் கடித்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. ஜெயராஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கியது. பெர்னிஸ் பாய்ந்துவிட்டாள். அவர் துரத்தி வந்தும் அரைக் கார் நீளம் போதவில்லை. பாதை முடிந்ததும் பிரேக்கை மிதித்தாள். அவள் நினைத்த இடத்தில் கார் நின்றது.

கோப்பையை வாங்கிய கையோடு நேராக ஜெயராஜிடம் போனாள். மூன்று வருஷத்துப் பேச்சு அவள் நெஞ்சில் இருந்தது.

"போட்டுக்கொடுத்தும் ஜெயிச்சிட்டேன் பாத்தீங்களா அண்ணே. தனியா ஓடிக் கப்பு வாங்கலாம்னு பாத்தீங்க."

ஜெயராஜ் கையைத் துணியில் துடைத்தார்.

"அந்தப் பட்டனை ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிக்காதே, தங்கச்சி. பழசு. சூடானா ஒட்டிக்கும். எனக்கு ரெண்டு தடவை அப்படி ஆயிருக்கு."

சொல்லிவிட்டுத் தன் லோரியைப் பார்த்து நடந்து போனார்.