எந்த ஏழு பேர்?

"மார்ச் 9, திங்கள். பிழை ஒன்று. நன்கொடை கேட்டு அச்சடித்த தாளில் 'சந்தைப் பெண்கள் ஏழு பேர் இடமில்லாமல் காத்திருக்கிறார்கள்' என்று எண்ணிக்கையைப் போட்டிருக்கக் கூடாது."

சேரியோங்கின் குறிப்பேட்டை உரக்கப் படித்துவிட்டு மூடினார் மேங் கிசு. குடிநோயாளிகளுக்கான அந்த மீட்பு இல்லத்தைப் பதினைந்து வருடமாக நடத்துபவர்.

"பிழையை நீயே எழுதிட்டா நான் எதைச் சொல்லித் திட்டுறது?"

சேரியோங் தலை குனிந்தாள். பகலில் இங்கே வேலை, மாலையில் சமூக நலப் படிப்பு. நாளின் பிழையை முதல் வரியில் எழுதுவது அவள் பழக்கம். எழுதாத நாளே கிடையாது.

"ஏழு பேர் உண்மைதானே ஐயா?"

"உண்மைதான். ஆனா துறைமுகச் சந்தையில மொத்தமே முந்நூறு கடை. காலையிலேருந்து ஒவ்வொருத்தியும் பக்கத்துக் கடைக்காரி வாயை மோந்து பாத்துக்கிட்டிருக்கா."

இல்லத்தில் எட்டுப் படுக்கைகள். எட்டும் ஆண்களுக்கு. தொலைபேசியில் அழைக்கும் பெண்களிடம் இடமில்லை என்று சொல்லி, பெயரைப் பூட்டிய பெட்டியில் வைத்து, ஒரு வரிசை எண்ணை மட்டும் தருவார்கள். மாடியைக் கட்டிவிட்டால் அவர்களுக்கும் இடம் கிடைக்கும். கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டாகிவிட்டது. மிச்சம் இருப்பது சந்தைப் பெண்கள் சங்கம். இன்று மூன்று மணிக்கு முடிவு.

"நீயே போய்ப் பேசு," என்றார் மேங். "நான் போனா என் பழைய குடிக் கதையைத்தான் கேப்பாங்க."

சங்கக் கூடத்தின் அடியில் சூடேற்றிய தரையில் முப்பது பெண்கள் ரப்பர் ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி பாங் சுன்ரே. மீன் விலை சொன்னால் அலைதாங்கிச் சுவர்வரை கேட்கும் குரல். கையில் அந்தத் தாள்.

"எந்த ஏழு பேர்?"

"அதைச் சொல்ல முடியாது, தலைவியம்மா."

"முப்பது வருஷமா இங்க மீன் அறுக்கிறேன். எவ எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள்னுகூட எனக்குத் தெரியும். இந்தச் சந்தையில குடிகாரி எவளும் கிடையாது. எங்க மானத்தை அச்சடிச்சு விக்கிறீங்களா?"

"நான் குளிருக்கு அரைக் கிண்ணம் அரிசிக் கள்ளு குடிப்பேன்," என்றாள் கணவாய் காயவைக்கும் ஓக்பூன். "என்னையும் சேர்த்து ஏழா, சேர்க்காம ஏழா?"

கூடம் சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய பையிலிருந்து சங்க முத்திரையை எடுத்து, நன்கொடைப் படிவத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே ஒரு பேர் சொல்லு. இப்பவே குத்துறேன். மூணு கோடி வோன் பணம். நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுக்கலாம்."

சேரியோங் முத்திரையைப் பார்த்தாள். ஒரே ஒரு பெயர். சொன்னால் ஏழு பேருக்கும் படுக்கை. சொல்லாவிட்டால் ஒருத்திக்கும் இல்லை. அவர்களில் மூன்றாம் எண்காரி போன வாரம் அழைத்து, "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வைத்துவிட்டாள்.

"சத்தமா வேண்டாம்டி பொண்ணு, தலைவி காதுல மட்டும் சொல்லு," என்றாள் ஓக்பூன். "அவங்க வயித்துக்குள்ள போனது வெளிய வராது."

தலைவி காதை நீட்டினாள்.

சேரியோங் குனிந்தாள்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியே. "பணம் வேண்டாம்னு சொல்லலை. ரொம்ப வேணும். ஆனா ஒருத்தியோட பேரை வித்து வாங்குற பணம் வேண்டாம். எண்ணிக்கையைப் போட்டது என் தப்பு. அதுக்கு என்னைத் திட்டுங்க. அவங்களைத் தேடாதீங்க."

படிவத்தை எடுக்கப் போனாள்.

"வை அதை," என்றாள் தலைவி.

முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி, படிவத்தில் அழுத்திக் குத்தினாள்.

"அக்கா! பேரே சொல்லலையே அவ!" என்று கத்தினாள் ஓக்பூன்.

"அதனாலதான் குத்தினேன். மூணு கோடியைக் கண் முன்னால வச்சும் வாயைத் திறக்கலை. இந்தச் சந்தையில அப்படி ஒரு வாயைக் காட்டு பாக்கலாம். உன் வாய் அரைக் கிண்ணத்துக்கே திறந்துடுது."

இந்த முறை கூடமே அதிர்ந்தது. மூலையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

வகுப்புக்குப் போகும் பேருந்தில் ஏறியபோது இல்லத்தின் கைபேசி ஒலித்தது. மூன்றாம் எண்.

"இன்னும் எத்தனை நாள்?"

அந்தக் குரல் யாருடையது என்று முதல் அழைப்பிலேயே சேரியோங்குக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

"மாடி முடிய ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் மேங் ஐயா வீட்டுல, அவர் மனைவியோட இருக்கலாம், இப்பதான் கேட்டுட்டேன். நாளைக்கே வர்றீங்களா?"

இந்த முறை அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "வர்றேன்."

சேரியோங் மடியில் குறிப்பேட்டை விரித்து எழுதினாள்:

"நாளை: காலை ஐந்தரைக்கு மேங் ஐயா வீட்டுப் பின்கதவைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு சந்தைக்குப் போய், தலைவி பாங் சுன்ரே, தன் பேரனைப் பார்த்துக்கொள்ள, மூன்று மாதம் பூசானில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று ஓக்பூன் அக்காவிடம் சொல்ல வேண்டும்."